ஐம்பத்தேழாம் நம்பர் அட்டை

என் வீட்டுக்காரர் லீலண்ட் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவுவார். சுத்தக்காரர் என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். அவருடைய வேனுக்குள் எட்டிப் பாருங்கள், போன கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட்ட பர்கரின் காகிதம் இன்னும் கிடக்கும். கை கழுவுவதெல்லாம் அட்டைகளைத் தொடுவதற்கு. பாத்திரம் கழுவும் சோப்பால் முழங்கை வரை தேய்த்து, துடைத்து, காயவிட்டு, அதற்கு மேல் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி ஆல்பத்தைத் திறப்பார். எங்கள் மகள் பிறந்து, ஆஸ்பத்திரியில் அவளை முதன்முதலில் கையில் வாங்கியபோது இந்த மனிதர் கை கழுவவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

நான் வேலை செய்வது கண்ணாடி ஆலையில், பேக்கிங் பிரிவில். நாளெல்லாம் உடையும் சாமான்களைப் பெட்டியில் அடுக்குகிறேன். அட்டை கீழே விழுந்தால் உடையாது என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அவர் காதில் ஏறியதில்லை.

லீலண்டின் தொழில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்குகளின் மரத்தரையைத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, கோடு போடுவது. எங்கள் டொலீடோ நகரில் எந்தப் பள்ளி மாணவன் பந்தை வளையத்தில் போட்டாலும் லீலண்ட் போட்ட கோட்டின் மேல் நின்றுதான் போடுவான். அவரது உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். அவர் கை பட்டு ஒரு பந்து வளையத்துக்குள் போனதை நான் இந்தக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்கட்பால் அட்டை சேர்க்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. எல்லோரும் பெரிய ஆட்டக்காரர்களின் பின்னால் ஓடுவார்கள். லீலண்டுக்கு அதெல்லாம் ஆகாது. அவர் சேர்ப்பது வேடிக்கை ஆட்டக்காரர்களை, அதிலும் யாருக்கும் பெயர் தெரியாதவர்களை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஹைஸ்டெப்பர்ஸ் என்று ஒரு குழு பஸ்ஸில் ஊர் ஊராக வரும். பந்தை மூக்கில் சுழற்றுவார்கள், முதுகுக்குப் பின்னால் போடுவார்கள், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் தொப்பியை எடுத்து நடுவருக்கு மாட்டிவிடுவார்கள். அவர்களை எதிர்த்து ஆடுவது ரீஜண்ட்ஸ் என்ற இன்னொரு குழு. அவர்களும் அதே பஸ்ஸில், பின் சீட்டில் வருவார்கள். தோற்பதுதான் அவர்களுக்குச் சம்பளம் வாங்கித்தந்த வேலை. தினமும், ஊருக்கு ஊர், சிரித்த முகத்தோடு.

1972 கோடையில் ஒரு ரொட்டி கம்பெனி ஒவ்வொரு ரொட்டிப் பையிலும் ஓர் அட்டை வைத்தது. மொத்தம் அறுபது. ஐம்பத்து நான்கு ஹைஸ்டெப்பர்ஸ், கடைசியில் போனால் போகிறதென்று ஆறு ரீஜண்ட்ஸ். அந்த அறுபதில் ஐம்பத்தொன்பது எங்கள் வீட்டில் இருந்தன. கல்யாணமான மறுநாளே என்னை ஃபோர்ட் வேய்னுக்கு அழைத்துப் போனார். தேனிலவு என்று நினைத்து நல்ல சட்டையெல்லாம் எடுத்துப் போனேன். அங்கே ஒரு மோட்டல் மண்டபத்தில் அட்டைச் சந்தை. அன்று நாற்பத்திரண்டாம் நம்பர் கிடைத்தது, அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. என் கண்ணிலும் வந்தது, வேறு காரணத்துக்கு.

கிடைக்காத ஒன்று ஐம்பத்தேழாம் நம்பர். கிளியோ ஃபான்ட்ராய், ரீஜண்ட்ஸ் ஆள். ஆட்டத்தின் நடுவில் ஹைஸ்டெப்பர்ஸின் பெரிய நட்சத்திரம் டியூக் ஆம்ப்ரோஸ் இவருடைய இரண்டு ஷூ லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார். இவர் பந்தைத் துரத்தப் போய்க் குப்புற விழுவார். ஊரே சிரிக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அட்டை ஒரு சந்தையிலும் தலைகாட்டவில்லை.

1994 மார்ச்சில் லீலண்டும் அவருடைய அட்டைக்காரக் கூட்டாளிகளும் கார் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்க மண்டபத்தில் ஒரு சந்தை போட ஏற்பாடு செய்தார்கள். பழைய ஆட்டக்காரர் யாரையாவது கூப்பிட வேண்டும். கிளியோ ஃபான்ட்ராய் உயிரோடு இருக்கிறார், லைமாவில்தான் இருக்கிறார், காரில் ஒன்றரை மணி நேரம் என்று யாரோ துப்பு சொன்னார்கள். சந்தைக்குப் பதிமூன்று நாள் இருக்கையில், சமையலறைச் சுவரில் இருந்த போனில் லீலண்ட் அவரைக் கூப்பிட்டார். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக் குரல் எண்ணெய்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"என்னைக் கூப்பிடறியா? தம்பி, டியூக்கைக் கூப்பிட நெனச்சு நம்பர் மாத்திப் போட்டுட்டே போல."

"இல்ல சார், உங்களைத்தான்."

"வர்றேன். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த ரொட்டி அட்டை இருக்கே, அதுல நெஜமாவே நான் இருந்தேனா? டியூக்குக்கு ஒரு பெட்டி நெறைய குடுத்தாங்க. எங்க ஆறு பேருக்கும் ஒண்ணுகூடக் குடுக்கல. ஃபிண்ட்லே ஊர்ல ஒரு கடை ஜன்னல்ல என் மொகத்தைப் பாத்தேன். ஞாயித்துக்கெழமை, கடை பூட்டிக் கெடந்துது, பஸ்ஸும் கெளம்பிடுச்சு. என் பொண்டாட்டி இர்மா கிட்ட சொன்னா, 'ஆமா, உங்களுக்கு செலையும் வெச்சாங்க'ன்னு சொல்றா. இருபத்திரண்டு வருஷமா சொல்றா. உங்கிட்ட அது இருக்கா?"

லீலண்ட் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"எங்கிட்ட அறுபதும் இருக்கு சார்," என்றார்.

"அப்ப இர்மாவையும் கூட்டிட்டு வர்றேன்!"

போனை வைத்த பிறகு அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். எனக்கு வந்த கோபத்தில் மீன் கருகியது.

"அறுபதும் இருக்கா? எங்க இருக்கு? என் சட்டைப் பையிலயா?"

"வாயில வந்துடுச்சு ரோவீனா."

"வயசான மனுஷன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வந்து அசிங்கப்பட்டு நிக்கப் போறாரு. வந்துடுச்சாம்ல, வாயில!"

அடுத்த ஒரு வாரம் அவர் வேலைக்குச் சரியாகப் போகவில்லை. க்ளீவ்லேண்ட், டேட்டன், ஃபோர்ட் வேய்ன் என்று தெரிந்த அட்டைக்காரர்களையெல்லாம் போனில் பிடித்தார். டெட்ராய்ட்டுக்கு நேரிலேயே போய் வந்தார். எல்லோரிடமும் ஆல்பம் ஆல்பமாக டியூக் ஆம்ப்ரோஸ். ஐம்பத்தேழு என்றால் "எங்கிட்டயும் அதுதான் இல்ல, உங்கிட்ட இருக்கா?" என்று இவரிடமே திருப்பிக் கேட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்குப் பிடித்த மக்ரோனியை முள்கரண்டியால் தள்ளிக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"அத்தனை பேருக்கும் ரொட்டியில வந்த அட்டைதானே? எல்லாம் எங்க போய்த் தொலைஞ்சுது?"

அவர் காது சிவந்தது.

"லீலண்ட். உனக்கு வந்துதா, வரலையா?"

"வந்துது. மூணு வந்துது."

"என்ன பண்ணினே?"

"சைக்கிள்ல சொருகினேன்."

எங்கள் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துணி கிளிப்பால் ஓர் அட்டையைச் சக்கரத்தின் பக்கம் சொருகினால், கம்பிகள் அதன் மேல் அடித்து அடித்து மோட்டார் சைக்கிள் மாதிரிச் சத்தம் வரும். அதற்கு யாரும் நட்சத்திரத்தைச் சொருகமாட்டார்கள். வேண்டாத ஆளைத்தான் சொருகுவார்கள். தோற்கிற குழுவில், குப்புற விழுகிற ஆளைவிட வேண்டாத ஆள் யார்? நான்கு நாளில் அட்டை நார் நாராகிவிடும், அடுத்த ரொட்டியில் அடுத்த கிளியோ. இந்தப் புத்திசாலிகள் எல்லோரும் தங்கள் கையாலேயே கிழித்துவிட்டு, இருபது வருஷமாக ஒருவரிடம் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்ப எதுக்கு ஆல்பத்துல தேடறே?" என்றேன். "வெச்ச எடத்துல தேடு. சைக்கிள்ல தேடு."

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தார், வாயெல்லாம் சீஸோடு.

மறுநாள் சர்ச்சில் அறிவிப்பு நேரத்தில் லீலண்ட் எழுந்து நின்றார். உடம்பு சரியில்லாதவர்களுக்கு ஜெபம், வெள்ளிக்கிழமை மீன் விருந்து எல்லாம் முடிந்த பிறகு, தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். பொய் சொன்னதையும் சேர்த்தே சொன்னார், சர்ச் என்பதால். "யார் வீட்டுலயாவது எழுபத்திரண்டாம் வருஷத்து சைக்கிள் இருந்தா, சக்கரத்தை ஒரு தடவை பாருங்க."

"பிரதர் லீலண்ட், மறுமையைப் பத்திக் கவலைப்படற எடத்துல சைக்கிளைப் பத்தி என்ன கவலை?" என்றார் பாஸ்டர். சபை சிரித்தது. ஆனால் அன்று மத்தியானமே எங்கள் பகுதியில் ஒவ்வொரு கார் ஷெட்டின் கதவும் திறந்தது. ஆட்கள் தலைக்கு மேல் தொங்கிய துருப்பிடித்த சைக்கிள்களை இறக்கிப் பார்த்தார்கள். போன் மேல் போன். ஒருவர் வெறும் கிளிப்பைக் கண்டுபிடித்தார். ஒருவர் கிளிப்பின் நுனியில் ஒட்டியிருந்த அட்டைத் துண்டில் ஒரு காதை மட்டும் கண்டுபிடித்தார். யாருடைய காது என்று லீலண்ட் பூதக்கண்ணாடி வைத்து அரைமணி நேரம் பார்த்தார்.

புதன்கிழமை எங்கள் சபையைச் சேர்ந்த சிஸ்டர் ஆக்டேவியா குவார்ல்ஸ் போன் செய்தார். அவர் எதையும் தூக்கி எறியாதவர். போன தேர்தலுக்கு முந்தின தேர்தலின் பேட்ஜ்கூட அவர் கோட்டில் இருக்கும். அவர் மகளின் ஊதா நிற சைக்கிள் நிலவறையில் ஹீட்டருக்குப் பின்னால் நின்றது. அட்டை சொருகின இரண்டாம் நாளே டயர் பஞ்சர், பிறகு யாரும் தொடவில்லை. பின் சக்கரத்தில், பல்லைக் காட்டிச் சிரித்தபடி, முழுசாக இருந்தார் கிளியோ ஃபான்ட்ராய். ஓர் ஓரம் மட்டும் கம்பி பட்டுப் பிசிறாகியிருந்தது.

லீலண்ட் நிலவறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையுறையை மாட்டிக்கொண்டுதான் கிளிப்பைக் கழற்றினார். பின்பக்கத்தைத் திருப்பி எனக்கு வாசித்துக் காட்டினார். "பிறந்த ஊர்: லைமா. பிடித்த உணவு: பொரித்த மீன். வென்ற ஆட்டங்கள்: விரைவில்." அந்த ரொட்டி கம்பெனியில் எவனோ ஒருவன் குறும்புக்காரனாக இருந்திருக்கிறான். நாங்கள் மூவரும் அந்த நிலவறையில் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் குவார்ல்ஸின் நாய் மேலே குரைத்தது. அன்று மாலை லீலண்ட் அட்டையைக் கனமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து நாலு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கினார். அறுபது. என் கல்யாண மோதிரம்கூட அவ்வளவு பத்திரமாக இருந்ததில்லை.

"சைக்கிளையும் சந்தைக்கு எடுத்துட்டுப் போ," என்றேன். "எங்க கெடைச்சுதுன்னு ஜனங்க பாக்கட்டும்." டியூபை மாற்றி, துருவைத் துடைத்து வேனில் ஏற்றினார். சிஸ்டர் குவார்ல்ஸ் சைக்கிளைப் பார்த்துக்கொள்வதற்காகக் கூடவே வந்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு பழுப்பு நிற ப்யூக் கார் வந்து நின்றது. கிளியோ ஃபான்ட்ராய் இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். அவ்வளவு உயரம். பக்கத்தில் அவர் இடுப்பு உயரத்துக்கு இர்மா, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர் எழுந்து கை தட்டினார்கள். அவர் தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

லீலண்ட் பெட்டியை நீட்டினார். நீட்டும்போதே ஆரம்பித்துவிட்டார். "சார், நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். அன்னிக்கு எங்கிட்ட இது இல்ல. இந்த புதன்கெழமைதான் கெடைச்சுது."

கிளியோ கேட்டதாகவே தெரியவில்லை. பெட்டியை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். "வென்ற ஆட்டங்கள்: விரைவில்," என்று வாசித்துத் தொடையில் அடித்துக்கொண்டார். "இர்மா, இன்னும் வந்து சேரல பாரு!" பிறகு மனைவியிடம் நீட்டினார். இர்மா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"நீங்கதான்," என்றார் மெல்ல. "அட, நெஜமாவே நீங்கதான். எவ்வளவு முடி இருந்திருக்கு!" கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஓரத்துல என்ன, எலி கடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

லீலண்ட் என்னைப் பார்த்தார். இந்த வாரமெல்லாம் அவர் பயந்தது பொய்க்கு மட்டும் அல்ல, இந்தக் கேள்விக்கும்தான்.

"எலி இல்லம்மா. சைக்கிள். சின்னப் பசங்க நாங்க... சத்தம் வர்றதுக்காக சக்கரத்துல சொருகுவோம். வேண்டாத அட்டையை." அந்தச் சொல் வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியவில்லை. "நானே மூணு பேரை... அதாவது உங்களை, மூணு தடவை கிழிச்சிருக்கேன் சார். அதனாலதான் எங்கேயும் கெடைக்கல. மன்னிச்சுக்குங்க."

கிளியோவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"நீ மட்டுமா?"

பின்னால் ஒருவர் கை தூக்கினார். "நானும் சார். ரெண்டு." இன்னொரு கை. வழுக்கைத் தலைகள், தொந்திகள், பிள்ளை பெற்ற அப்பாக்கள்கூட, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். "அஞ்சு." "எங்க தெரு பூரா நீங்கதான் சார்."

"டியூக்கை?" என்று கேட்டார் கிளியோ. "டியூக்கை என்ன பண்ணினீங்க?"

"அவரை ஆல்பத்துல வெச்சு, பெட்டியில போட்டு, கட்டிலுக்கடியில தள்ளிடுவோம்."

கிளியோ யோசித்தார். மேல் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்து நான் காகிதக் கைக்குட்டையைத் தேடினேன்.

"அப்படின்னா," என்றார், "அந்தக் கோடை பூரா டியூக் கட்டிலுக்கடியில கெடந்தான். நான் டொலீடோவையே சுத்திக்கிட்டு இருந்தேன்!"

கூரை பறந்துவிடும்போல் சிரிப்பு. அவர் சிரிப்புதான் அதில் பெரிது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பூட்டிய கடையின் ஜன்னலில் மட்டும் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மூலையில் நின்ற ஊதா சைக்கிளைப் பார்த்தார். "தம்பி, என் சத்தம் எப்படி இருக்கும்? நான் கேட்டதே இல்லையே."

நான் லீலண்டைப் பார்த்தேன். நாலு திருகாணி. அறுபதாவது அட்டை. மூன்று நாள்தான் அவரிடம் இருந்தது. கூட்டாளிகளில் ஒருவர், "வேற ஏதாவது அட்டையைச் சொருகலாமே," என்று முனகினார்.

"வேற அட்டைன்னா வேற ஆள் சத்தம்," என்றார் லீலண்ட். பேனாக்கத்தியை எடுத்துத் திருகாணிகளைக் கழற்றினார். கையுறை போடவில்லை. கையும் கழுவவில்லை. அட்டையைப் பின் சக்கரத்தில் வைத்துக் கிளிப்பை அழுத்தினார், பன்னிரண்டு வயதில் எப்படிச் செய்தாரோ அப்படி, பார்க்காமலேயே.

கிளியோ ஏறி உட்கார்ந்தார். முட்டி காதைத் தொட்டது. மிதித்தார். டர்ர்ர்ர்ர் என்று மண்டபம் நிறைந்தது. மேஜைகளுக்கு நடுவே, டியூக் ஆம்ப்ரோஸ்கள் அடுக்கியிருந்த பெட்டிகளையெல்லாம் தாண்டி, ஒரு சுற்று, இரண்டு சுற்று. விழுவதுபோல் சாய்ந்து கூட்டத்தைக் கத்தவைத்து, விழாமல் நிமிர்ந்தார். வித்தைக்காரர் வித்தைக்காரர்தான். இர்மா தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். "போதும் நிறுத்துங்க, மூக்கு கிழிஞ்சு போச்சு! உங்க மூக்கு!" அவர் நிறுத்தவில்லை. எனக்கு லீலண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அன்றுதான் அந்த மனிதர் எனக்கு ஐந்தடி ஐந்துக்கு மேல் தெரிந்தார்.

சாயங்காலம் ப்யூக்கின் பின்பெட்டியில் அட்டையோடு சைக்கிளும் ஏறியது. தன் தெருவிலும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று கிளியோ கேட்டார். சிஸ்டர் குவார்ல்ஸ் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளை விட்டுக்கொடுத்தார். கிளிப்பை மட்டும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

ஆல்பத்தின் அந்தப் பக்கத்தில் ஐம்பத்தேழாம் அறை இப்போதும் காலிதான். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன், இல்லை. சந்தைகளில் யாராவது ஆல்பத்தைப் புரட்டி, "அறுபதும் இருக்கா?" என்று கேட்டால், இப்போதெல்லாம் பொய் சொல்வதில்லை.

"அம்பத்தொம்பது இங்க இருக்கு," என்பார். "கிளியோ வெளிய போயிருக்காரு."